டெல்லிக்கு பிசினஸ் கிளாஸ்ல அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போகணும்: ஏர் இந்தியாவா, இண்டிகோ ஸ்ட்ரெச்சா?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69, ரெண்டு பேருக்கும் முட்டி வலி, அப்பாவுக்கு சுகர் வேற. டெல்லியில இருக்க தங்கச்சி வீட்டுக்கு மொத தடவையா கூட்டிட்டுப் போறிய, அவியள ஒரு தடவையாவது நல்லா உக்கார வச்சு கூட்டிட்டுப் போகணும், ஏர் இந்தியா பிசினஸ் கிளாஸா, இண்டிகோவோட பிசினஸ் கிளாஸான ஸ்ட்ரெச்சா, எதுல சர்வீஸ் நல்லாருக்கும்னு கேட்டிருக்கிய. எனக்கு வண்ணார்பேட்டையில இருவது வருசத்துக்கு மேல டிக்கெட் போடுத சோலிதான், நானும் எங்க அம்மாவ இதே மாதிரி கூட்டிட்டுப் போயிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன், பொறுமையா படிங்க.

சாப்பாடு, உபசரிப்பு, லவுஞ்சு (ஏர்போர்ட்ல ஓய்வெடுக்கத் தனி எடம்) இதுதான் சர்வீஸ்னு நினைச்சியன்னா ஏர் இந்தியா. நம்ம ஊர்ப் பக்கத்துல ஏறி ஒரே டிக்கெட்ல டெல்லி வரைக்கும் போறது, நாளைக்கு நாலஞ்சு விமானம் இருக்கது, அதுதான் சர்வீஸ்னு நினைச்சியன்னா இண்டிகோ. ஆனா உங்க அப்பா அம்மாவுக்கு இத மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது, ஏன்னா திருநெல்வேலியில இருந்து சென்னை வழியா போறவங்களுக்கு பிசினஸ் கிளாஸ்ங்கது மொத்தப் பயணத்துல நடுவுல உள்ள ஒரு ரெண்டேமுக்கா மணி நேரம் மட்டும்தான், சென்னை டெல்லி. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் காரு, படிக்கட்டு, வீல்சேரு, காத்துக் கெடக்கதுன்னு நெறைய இருக்கு, முட்டி வலிக்காரங்க நொந்து போறது அங்ஙனதான்.

மொதல்ல வாகைகுளத்தப் பத்தி சொல்லிருதேன். தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு இப்ப நல்ல காலம். 2025 ஜூலை 26ல புது டெர்மினல் திறந்தாங்க, சுமார் 450 கோடி செலவு, 17,340 சதுர மீட்டர், 1,350 மீட்டரா இருந்த ரன்வேய 3,115 மீட்டரா நீட்டியாச்சு. பழைய கட்டடத்துல போர்டிங் பாஸ் வாங்க நின்னா பின்னாடி நிக்கவங்க பெட்டி நம்ம கால்ல இடிக்கும், அந்த நெருக்கடி இப்ப இல்ல. பாளையங்கோட்டையில இருந்து வல்லநாடு பாலம் தாண்டி நாலுவழிச் சாலையில போனா முக்கா மணி நேரம் கூட ஆகாது. ஆனா நம்ம பக்கம் பெரும்பாலும் வந்து போறது ஏடிஆர் 72, விசிறி மாட்டுன சின்ன விமானம், இண்டிகோவோடதுல 78 சீட்டு, இந்தப் பக்கம் ரெண்டு அந்தப் பக்கம் ரெண்டு, பிசினஸ் கிளாஸ்னு ஒண்ணு அதுல கெடையவே கெடையாது. சிலபேரு எங்கிட்ட வந்து "அண்ணாச்சி, தூத்துக்குடியில இருந்தே பிசினஸ் கிளாஸ் போட்டுக் குடுங்க, காசப் பத்தி கவலையில்ல"ன்னு கேப்பாங்க, காசு இருந்தாலும் அங்ஙன அப்படி ஒரு சீட்டு இல்லைங்கதுதான் உண்மை.

அந்த ஏடிஆர்ல நடு சீட்டு இல்ல, அது ஒரு நல்லது, அப்பா அம்மா ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கிடலாம், மூணாவது ஆள் கிடையாது. ஏறுதது பின்பக்க வாசல் வழியா, சாமான் வைக்க எடம் முன்னாடி. அதனால பின் வரிசை சீட்டா கேட்டு வாங்குங்க, உள்ள ஏறி ரொம்ப தூரம் குனிஞ்சுக்கிட்டே நடக்க வேண்டாம். வாசல் வழி குறுகல், ஒசரமும் கம்மி. சாதாரணமா முன்னாடி சீட்டுதான் நல்ல சீட்டுன்னு எல்லாரும் நினைப்பாங்க, ஏடிஆர்ல முட்டி வலிக்காரங்களுக்கு அது தலைகீழு. வீல்சேர் கேக்கத டிக்கெட் போடும்போதே சொல்லிரணும், அன்னைக்கு காலையில போய் கேட்டா இருக்குத ரெண்டு மூணு வீல்சேருக்கு ஆள் போட்டி ஆயிரும்.

சரி, பிசினஸ் கிளாஸுக்கு வருவோம். நம்ம நாட்டுல உள்நாட்டு பிசினஸ் கிளாஸுக்குன்னு ஒரு மரியாதையைக் கொண்டு வந்தது ஜெட் ஏர்வேஸ்தான். 1993 மே 5ல பறக்க ஆரம்பிச்சாங்க, 2019 ஏப்ரல் 17ல நின்னு போச்சு. ஜெட்ல உக்காந்த ஒடனே சூடா ஒரு துண்டு குடுப்பாங்க, பீங்கான் தட்டு, நல்ல கனமான கரண்டி, நம்ம பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. 2005ல கிங்ஃபிஷர் வந்து போட்டிய இன்னும் ஏத்தி விட்டது, வாசல்லயே வந்து பெட்டிய வாங்கிக்கிடுவாங்க, அது 2012 அக்டோபரோட முடிஞ்சுது. பொறவு டாட்டாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேந்து விஸ்தாரா, 2015 ஜனவரி 9ல மொத விமானம். இந்த மூணுலயும் கஸ்டமர அனுப்பி விட்டவன், சிலதுல நானே போனவன்ங்க முறையில சொல்லுதேன், வேலை பாக்கவங்களோட பழக்கவழக்கத்துல விஸ்தாராவ மிஞ்ச ஆள் இல்ல.

2019ல எங்க அம்மாவ விஸ்தாராவுல சென்னையில இருந்து டெல்லிக்கு கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு அப்ப 71. சாப்பாட்டுத் தட்டு வந்துது, மேல சூடான அலுமினிய மூடி, அம்மா அதத் தொட்டுட்டு கைய எடுத்துட்டாங்க. அந்தப் பிள்ளை, இருவத்தி மூணு வயசு இருக்கும், மணிப்பூரோ மேகாலயாவோ, அப்படியே தரையில முட்டி போட்டு உக்காந்து, அம்மா மொகத்துக்கு நேரா மொகத்த வச்சுக்கிட்டு, மூடிய எடுத்து மடிச்சு வச்சு, இட்லிய சின்ன கரண்டியால ரெண்டா வெட்டி வச்சுட்டு, சாம்பார் கிண்ணத்த அம்மா கைக்குப் பக்கத்துல தள்ளி வச்சுட்டுப் போச்சு. பாஷை தெரியாது, ஒரு வார்த்தை பேசல. பொறவு அம்மா வெந்நீ வேணும்னு கையக் காட்டுனப்போ, கப்ப மொதல்ல தன் கையில வச்சு சூடு பாத்துட்டுத்தான் குடுத்துச்சு. எங்க அம்மா ஊருக்கு வந்து ஆறு மாசத்துக்கு டெல்லியப் பத்தி பேசல, அந்தப் பிள்ளையப் பத்திதான் பேசுனாங்க. சர்வீஸ்னா எனக்கு இன்னமும் அதுதான் அளவுகோல்.

அந்த விஸ்தாரா இப்ப இல்ல. 2024 நவம்பர் 12ல ஏர் இந்தியாவோட சேத்துட்டாங்க, ஏர் இந்தியாவ அதுக்கு முன்னாடியே 2022 ஜனவரி 27ல டாட்டா வாங்கியாச்சு. சேத்த பொறவு விஸ்தாராவோட விமானமும் ஆளுங்களும் ஏர் இந்தியா பேருல பறக்க ஆரம்பிச்சாங்க, அடையாளம் தெரியணும்னு அந்த விமானங்களுக்கு ஏஐ 2ன்னு ஆரம்பிக்க நாலு இலக்க நம்பர் குடுத்தாங்க. நாளாக ஆக ரெண்டு பக்கத்து ஆளுங்களும் கலந்துட்டாங்க, அதனால இப்ப நம்பர வச்சு மட்டும் முடிவு பண்ணாதிய.

வேற ஒரு வழி இருக்கு, நான் கஸ்டமருக்கு டிக்கெட் போடும்போது இதத்தான் மொதல்ல பாப்பேன். சீட் மேப்ப, அதான் எந்த சீட்டு எங்க இருக்குன்னு காட்டுத படத்த, திறந்து பாருங்க. முன்னாடி பிசினஸ்ல 8 சீட்டு, அதுக்குப் பின்னால பிரீமியம் எக்கானமி (எக்கானமிய விட கொஞ்சம் வசதியானது) 24 சீட்டு, பொறவு எக்கானமி 132, இப்படி இருந்தா அது விஸ்தாராவுல இருந்து வந்த ஏ320 நியோ, இல்லன்னா பழைய ஏர் இந்தியா விமானத்த உள்ள எல்லாத்தையும் பிச்சு எடுத்து புதுசா மாத்துனது, ரெண்டுல எது வந்தாலும் நல்லதுதான். பிசினஸ் 12 சீட்டு, பிரீமியம் எக்கானமியே இல்ல, நேரா எக்கானமி 150ன்னு காட்டுனா அது பழைய கேபின். பழசான 27 ஏ320 நியோவ மாத்துத வேலைய 2024 செப்டம்பர்ல ஆரம்பிச்சாங்க, அதனால பழசு மாட்டுத வாய்ப்பு இப்ப ரொம்பக் கொறஞ்சு போச்சு, ஆனாலும் பாத்துட்டு போடுங்க. மாத்துனதுல பிசினஸ் சீட்டு ரெண்டு ரெண்டா இருக்கும், சீட்டுக்கு சீட்டு 40 இன்ச் எடைவெளி, 7 இன்ச் வரைக்கும் சாயும், கால் வைக்க தாங்கி உண்டு. முட்டி வலிக்காரங்களுக்கு அந்தக் கால் தாங்கிதான் முக்கியம், காலத் தொங்கப் போட்டே ரெண்டேமுக்கா மணி நேரம் உக்காந்தா எறங்கும்போது எந்திரிக்க முடியாது. விஸ்தாராவோட ஏ321 நியோ கொஞ்சம் இருக்கு, அதுல பிசினஸ் 12 சீட்டு, படுக்கையா விரியும், பின்னால பிரீமியம் எக்கானமியும் இருக்கும். அது உள்நாட்டுப் பயணத்துல உங்களுக்கு மாட்டுனா யோகம்தான், ஆனா அத நம்பி தேதி போடக் கூடாது.

ஏர் இந்தியா பிசினஸ்ல லவுஞ்சு டிக்கெட்லயே சேந்து வரும். சென்னையில ஏறுதியன்னா, செக் இன் முடிஞ்சு அப்பா அம்மாவ ஒரு நல்ல சோபாவுல உக்கார வச்சு, சூடா ஏதாவது குடுத்து, பக்கத்துலயே டாய்லெட் இருக்கும், ஒரு மணி நேரம் நிம்மதியா இருக்கலாம். சுகர் உள்ளவங்களுக்கு இது பெரிய விஷயம். விமானத்துல சாப்பாடு சூடா தட்டுல வரும். டிக்கெட் போட்ட ஒடனே அப்பாவுக்கு டயபெட்டிக் மீல் போட்டு வச்சிருங்க, கடைசி நேரத்துல கேட்டா கிடைக்காது, 24 மணி நேரத்துக்கு முன்னாடியே சொல்லியாகணும். அம்மா சைவம்னா அதையும் அப்பவே போட்ருங்க, சைவம் தீந்து போச்சுன்னு அங்ஙன ஒரு பேச்சு வரவே கூடாது. மதுபானத்தப் பத்தி யாராவது உங்கள்ட்ட சொல்லியிருந்தா, உள்நாட்டு விமானத்துல எந்த கம்பெனியிலயும் எந்த கிளாஸ்லயும் அது கெடையாது, சட்டப்படியே தடை.

இப்ப இண்டிகோ ஸ்ட்ரெச். பதினெட்டு வருசமா எல்லாரும் ஒரே மாதிரி சீட்டு, சாப்பாடு வேணும்னா காசு குடுன்னு இருந்த கம்பெனி 2024 நவம்பர் 14ல டெல்லி மும்பையில இத ஆரம்பிச்சாங்க, பொறவு சென்னை டெல்லிக்கும் வந்துது. அப்ப ஆரம்ப வெலை 18,018 ரூவா. ஏ321 நியோவுல முன்னாடி 12 சீட்டு, ரெண்டு ரெண்டா. 38 இன்ச் எடைவெளி, 21.3 இன்ச் அகலம், 5 இன்ச் சாயும். எக்கானமி சீட்டு அகலம் பதினேழு பதினெட்டு இன்ச்தான், அதனால உக்காந்த ஒடனே வித்தியாசம் தெரியும், கைய எங்க வைக்கன்னு பக்கத்து ஆளோட மல்லுக்கட்ட வேண்டாம். சீட்டு புதுசு, சார்ஜ் போட பிளக்கு இருக்கு, சாமான் சுத்தமா இருக்கு. சாப்பாடு ஓபராய் கேட்டரிங்ல இருந்து ஒரு பெட்டியில வரும், பிளேட்டு தட்டுன்னு அடுக்கி வைக்க மாட்டாங்க. ருசி தப்பு சொல்ல மாட்டேன், ஆனா எங்க அம்மா மாதிரி ஆளுக்கு பெட்டியத் திறந்து ஒவ்வொண்ணா எடுத்து சாப்பிடுதது சாப்பாடாத் தெரியாது, தீனியாத்தான் தெரியும். லவுஞ்சு டிக்கெட்ல சேராது. உங்கள்ட்ட லவுஞ்சு சலுகை உள்ள கார்டு இருந்தா அதக் காட்டி நீங்க போயிரலாம், அப்பா அம்மாவுக்கு தனித்தனியா கார்டு இல்லன்னா காசு கட்டணும்.

சீட்ட மட்டும் வச்சு பாத்தா ரெண்டுக்கும் பெரிய தூரம் இல்ல, ரெண்டு இன்ச் எடைவெளியும் கால் தாங்கியும்தான். ஆளுங்க பழகுததுல வித்தியாசம் உண்டு. இண்டிகோ பிள்ளைங்க சுறுசுறுப்பு, சிரிச்ச மொகம், வெரசா வேலைய முடிப்பாங்க, ஆனா அவங்களுக்குப் பழக்கம் இருநூறு பேருக்கு ஓடி ஓடி செய்யுததுல, ஒருத்தங்க பக்கத்துல நின்னு நிதானமா கவனிக்கது இப்பதான் கத்துக்கிடுதாங்க. ஏர் இந்தியாவுல விஸ்தாரா பக்கத்துல இருந்து வந்த ஆளு மாட்டுனா அந்த நிதானம் இருக்கும்.

இண்டிகோவோட பலம் எங்க இருக்குன்னா, வாகைகுளத்துல இருந்து சென்னை, சென்னையில இருந்து டெல்லி, ஒரே பிஎன்ஆர்ல போட்டுரலாம், ரெண்டாவது விமானத்துக்கு ஸ்ட்ரெச் காட்டுதான்னு புக் பண்ணும்போது பாருங்க. பெட்டிய வாகைகுளத்துல குடுத்தா டெல்லியில எடுத்துக்கிடலாம். மொத விமானம் லேட்டானா அடுத்த விமானத்துல ஏத்தி விடுத பொறுப்பு அவங்களோடது. இதே நீங்க வாகைகுளம் சென்னை இண்டிகோவுல தனி டிக்கெட், சென்னை டெல்லி ஏர் இந்தியா பிசினஸ் தனி டிக்கெட்டுன்னு போட்டியன்னா, மழையில ஏடிஆர் ஒண்ணரை மணி நேரம் லேட்டு, அவ்வளவுதான், பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டு கையில இருக்க விமானம் மேல போயிரும், யாரும் பொறுப்பு கெடையாது. அதுபோக சென்னையில எறங்கி பெட்டிய எடுத்து, ஒரு டெர்மினல்ல இருந்து இன்னொரு டெர்மினலுக்கு ரெண்டு வயசானவங்களோட போயி, திரும்ப செக் இன் பண்ணி, திரும்ப செக்யூரிட்டி. இத மட்டும் தயவுசெஞ்சு செய்யாதிய. எங்கிட்ட வந்து அழுதவங்க நெறைய பேரு இந்தத் தப்ப பண்ணவங்கதான். அப்படித்தான் போகணும்னா நடுவுல ஒரு ராத்திரி சென்னையில தங்கிட்டுப் போங்க.

நேரம் தவறாம ஓட்டுததுல இண்டிகோவுக்கு பல வருசமா நல்ல பேரு. ஆனா 2025 டிசம்பர் மொத வாரத்துல விமானிகளோட பணி நேர விதி மாறுனத ஒட்டி அவங்க விமானம் ஆயிரக்கணக்குல ரத்தாச்சு, நாடு முழுக்க ஜனங்க ஏர்போர்ட் தரையில படுத்துக் கெடந்தாங்க. அதனால எந்தக் கம்பெனிய எடுத்தாலும், கல்யாணம் காரியம்னு தேதி குறிச்ச சோலிக்குப் போறியன்னா ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேருங்க.

வெலையில ஒரு விஷயம் நெறைய பேருக்குத் தெரியல. எக்கானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். எக்கானமி தவிர மத்த எல்லாத்துக்கும், பிரீமியம் எக்கானமியும் சேத்துதான், முன்னாடி 12 சதவீதம் இருந்துது, 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 ஆயிட்டு. அடிப்படைக் கட்டணம் 20,000னு வச்சுக்கிட்டா முன்னாடி வரி 2,400, இப்ப 3,600. மூணு பேருக்கு, போக வரன்னு கணக்குப் போட்டா வரி மட்டுமே இருவதாயிரத்தத் தாண்டிருது. நீங்க ஏதும் கம்பெனி வச்சு அந்தச் சோலியா போறவங்கன்னா ஜிஎஸ்டி நம்பரப் போட்டு திரும்ப எடுக்கலாம், அப்பா அம்மாவோட சொந்தப் பயணத்துக்கு அது முடியாது. அதனால ஒங்களுக்கு ஒரு யோசனை: அப்பா அம்மாவுக்கு மட்டும் பிசினஸ் போட்டுட்டு நீங்க எக்கானமியில மொத ரெண்டு வரிசையில உக்காருங்கன்னு சிலபேரு சொல்லுவாங்க, அத நான் ஒத்துக்கிட மாட்டேன். மொத தடவை விமானம் ஏறுத எழுவத்தி நாலு வயசு மனுசருக்கு பெல்ட்ட எப்படி மாட்டன்னு காட்ட நீங்க பக்கத்துல இருக்கணும். காசு இடிக்குதுன்னா மூணு பேருமே ஏர் இந்தியா பிரீமியம் எக்கானமியில போங்க, நடு சீட்டு இருக்கும், ஆனா அந்த நடு சீட்டுல உக்காரப் போறது நீங்கதான, ஒண்ணும் கொறஞ்சு போகாது. எமர்ஜென்சி வாசல் வரிசைய கால் நீட்ட எடம் இருக்குன்னு வாங்கிராதிய, வயசானவங்கள அங்ஙன உக்கார விட மாட்டாங்க.

இனி சொல்லப் போறத நல்லா மனசுல வச்சுக்கிடுங்க, இது எனக்கே நடந்தது. 2023 கடைசியில அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம், ரெண்டு பிசினஸ் சீட்டு போட்டு வச்சிருந்தேன். எந்தக் கம்பெனின்னு சொல்லல. கவுண்டர்ல போய் நின்னா, "சார், விமானம் மாறிட்டு, பிசினஸ் கிளாஸ் இல்லாத விமானம், உங்கள எக்கானமியில போட்டிருக்கோம்"னு ரெண்டு போர்டிங் பாஸ நீட்டுதாங்க, பாத்தா 22வது வரிசை, அதுலயும் ஒண்ணு நடு சீட்டு. அம்மா வீல்சேர்ல இருந்தபடியே "என்னலே ஆச்சு"ன்னு கேக்காங்க, எனக்குத் தொண்டை அடைச்சுட்டு. அவங்க ஒரு கூப்பன் குடுத்து சமாதானம் பண்ணப் பாத்தாங்க. எனக்கு தொழில் இதுங்கதால விதி தெரியும். 2023 பிப்ரவரி 15ல இருந்து டிஜிசிஏ (விமானக் கம்பெனிகள கண்காணிக்க அரசு அமைப்பு) விதி இருக்கு, நம்ம விருப்பம் இல்லாம கிளாஸ கொறச்சு ஒக்கார வச்சா, உள்நாட்டுப் பயணத்துக்கு வரியோட சேத்து டிக்கெட் காசுல 75 சதவீதத்தத் திருப்பிக் குடுக்கணும், அந்த கொறஞ்ச கிளாஸ்ல கூட்டிட்டும் போகணும். சண்டை போடல. "கிளாஸ் கொறச்சிருக்கோம்னு எழுத்துல குடுங்க"ன்னு மட்டும் கேட்டேன். இருவது நிமிசம் இழுத்துட்டு ஒரு மெயில் அனுப்புனாங்க. பழைய போர்டிங் விவரம், புது போர்டிங் பாஸ், அந்த மெயில், மூணையும் பத்திரப்படுத்தி, பணம் வராததால ஏர்சேவாவுல, அதான் விமானப் பயணிங்க புகாருக்குன்னு அரசு வச்சிருக்க தளத்துல, புகார் போட்டேன், பொறவுதான் வந்துது. காசு வந்துது, ஆனா அன்னைக்கு மூணு மணி நேரம் அம்மா கால மடக்க முடியாம பட்ட வேதனைக்கு யார் பதில் சொல்லுவா. அதனால போறதுக்கு மொத நாள் ராத்திரியும், அன்னைக்கு காலையிலயும் சீட் மேப்ப திரும்பத் திறந்து பாருங்க. விமானம் மாறியிருந்தா அதுல தெரிஞ்சிரும், அப்பவே போன் பண்ணி அடுத்த விமானத்துக்கு மாத்தச் சொல்லலாம், கவுண்டர்ல போய் நின்ன பொறவு நமக்கு வழியே இல்ல.

விமானத்த விட்டுட்டு ஒரு வழியும் இருக்கு, அதையும் சொல்லணும். 2023 செப்டம்பர் 24ல இருந்து நம்ம திருநெல்வேலி சென்னை வந்தே பாரத் ஓடுது. காலையில ஆறு மணி வாக்குல இங்க எடுத்தா மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள எழும்பூர். எக்சிகியூட்டிவ் கிளாஸ் சீட்டு அகலம், சுத்தி ஜன்னல் பக்கம் திருப்பிக்கிடலாம், எந்திரிச்சு நடக்கலாம், டாய்லெட் நல்லாருக்கு. தாம்பரத்துல நிக்கும், அங்ஙன எறங்குனா மீனம்பாக்கம் பக்கம்தான், எழும்பூர் வரைக்கும் போய் திரும்பி வர வேண்டாம். சாயந்தரம் இல்லன்னா ராத்திரி டெல்லி விமானத்துல ஏர் இந்தியா பிசினஸ் பிடிச்சிரலாம், நடுவுல லவுஞ்சுல ஓய்வு எடுக்கலாம். ரயில் லேட்டானா என்ன பண்ணன்னு கேப்பிய, அதுக்குத்தான் ராத்திரி விமானமா பாக்கச் சொல்லுதேன். ஆனா ஒரே நாள்ல ஏழு மணி நேரம் ரயிலு, பொறவு விமானம்னா உங்க அப்பாவுக்கு கொஞ்சம் அதிகம்தான்.

திருவனந்தபுரம் இன்னொண்ணு. அங்ஙன இருந்து டெல்லிக்கு பிசினஸ் கிளாஸோட ஏர் இந்தியா நேரடி விமானம் உங்க தேதியில ஓடுதான்னு மொதல்ல பாருங்க. நம்ம ஊர்ல இருந்து காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில், மார்த்தாண்டம் வழியா சுமார் 150 கிலோமீட்டர், மார்த்தாண்டத்துல இருந்து நெய்யாற்றின்கரை தாண்டுத வரைக்கும் கூட்டம் சொல்லி மாளாது, நாலு மணி நேரம் வச்சுக்கிடுங்க. ஆனா ஒரே ஏத்தம், ஒரே எறக்கம். வீல்சேர்ல இருந்து சீட்டுக்கு, சீட்டுல இருந்து வீல்சேருக்கு, ரெண்டே தடவைதான் மாறணும். கனெக்‌ஷன்ல போனா இதுவே நாலு தடவை.

நான் உங்க எடத்துல இருந்தா இப்படித்தான் செய்வேன். போகும்போது திருவனந்தபுரம் வழி, ஏர் இந்தியா நேரடி பிசினஸ் கிடைச்சா அதுதான். அவிய மொத தடவை போறாவ, உடம்புல தெம்பு இருக்கும், மனசுல ஆசை இருக்கும், சூடா தட்டுல சாப்பாடு, லவுஞ்சு, கவனிக்க ஆளுன்னு எல்லாத்தையும் ரசிக்கது அப்பதான். மூணேகால் மணி நேரத்துக்கு மேல பறக்கதால அந்த சீட்டுக்குக் குடுத்த காசும் வீண் போகாது, மதுரை போயி சென்னை மாறுத வேலை எல்லாம் இல்ல. மொத நாளே கிளம்பி நாகர்கோவில்ல சொந்தக்காரங்க வீடு இருந்தா ராத்திரி தங்கிட்டு விடியல்ல போங்க, சுசீந்திரம் கோயிலயும் பாத்துட்ட மாதிரி இருக்கும்.

வரும்போது இண்டிகோ. டெல்லி சென்னை ஸ்ட்ரெச், சென்னை வாகைகுளம் ஏடிஆர், ஒரே டிக்கெட். அதுக்குள்ள ரெண்டு பேரும் பேத்தி பேரன்கூட ஒரு மாசம் இருந்து அலுத்துப் போயிருப்பாங்க, டெல்லி குளிரோ வெயிலோ உடம்பப் படுத்தியிருக்கும், எப்படா வீட்டுக்குப் போவோம்னு இருக்கும். அன்னைக்கு சாப்பாடு பெட்டியில வந்தா என்ன, தட்டுல வந்தா என்ன. எறங்குனா முக்கா மணி நேரத்துல வீடு, அதுதான் பெருசு. சென்னையில ரெண்டு விமானத்துக்கும் நடுவுல ரெண்டரை மணி நேரமாவது இருக்கணும், ஒண்ணேகால் மணி நேரம் போதும்னு ஆப் காட்டும், வீல்சேர் ஆளுங்களுக்கு அது பத்தாது, வீல்சேர்க்காரங்கள எல்லாரும் எறங்குன பொறவுதான் எறக்குவாங்க.

சீட்டு போடும்போது அப்பாவுக்கு வழியோர சீட்டு, அம்மாவுக்கு ஜன்னல். சுகர்க்காரர் டாய்லெட்டுக்கு அடிக்கடி எந்திரிப்பார், பிசினஸ் சீட்டுக்கு முன்னாடியே டாய்லெட் இருக்கும், நாலு எட்டுதான். மருந்து, இன்சுலின் எதுவானாலும் கைப்பையில வைங்க, டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும். தங்கச்சிக்கு அல்வா, மக்ரூன், கருப்பட்டின்னு அம்மா கட்டாயம் கட்டுவாங்க, எக்கானமியில 15 கிலோதான், பிசினஸ்ல அதுக்கு மேல உண்டு, உங்க டிக்கெட்ல எத்தனை கிலோன்னு போட்டிருக்கோ அதப் பாத்து கட்டச் சொல்லுங்க. கொப்பரைத் தேங்கா மட்டும் வேண்டாம், அது விமானத்துல எடுத்துட்டுப் போக முடியாத சாமான், பெட்டியத் திறக்கச் சொல்லி எடுத்துருவாங்க, அம்மா வருத்தப்படுவாங்க.

தேதி முடிவானா சொல்லுங்க தம்பி, அன்னைக்கு எந்த விமானம் ஓடுதுன்னு சீட் மேப்பப் பாத்து சொல்லுதேன்.